மெலிந்த காற்று, நீண்ட இறக்கம்: நீலகிரியில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதும் மாற்றுவதும் விற்பதும்

கம்பெனி புத்தகத்தில் 106 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும் என்ஜின் ஊட்டி சேரிங் கிராஸில் அந்த 106-ஐத் தராது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 77 சதவீதம்தான். ஊட்டியின் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி ஓரளவு ஈடுகட்டும். அப்படியும் டர்போ இல்லாத என்ஜின், மேட்டுப்பாளையத்தில் தரும் சக்தியில் ஆறில் ஒரு பங்கை மேலே வந்து சேர்வதற்குள் இழந்துவிடும். இறங்கும்போது பாரம் முழுக்க பிரேக் மேல்: ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் 1,900 மீட்டர் இறக்கம். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை நீலகிரியில் வைத்துக்கொள்ள நினைப்பவர் அதைச் சோதிப்பதும், அதில் வேலை செய்வதும், பிறகு விற்பதும் இந்த இரண்டைச் சுற்றித்தான். சமவெளியில் நல்ல பெயர் வாங்கிய மாற்றங்களில் பல இங்கே பலன் தராது. அங்கே யாரும் கண்டுகொள்ளாத சில்லறைச் சாமான்கள் இங்கே உயிரைக் காப்பாற்றும்.

நம் பக்கம் கைமாறும் வண்டிகளில் முதலில் வருபவை இங்கேயே தயாரானவை: 2000-ஐ ஒட்டி வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த மிட்சுபிஷி லான்சர், அதன் பின்னால் வந்த 2 லிட்டர் சீடியா. இவற்றுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் இல்லை. ஆனால் எடை குறைவு, ஸ்டீயரிங் நேர்மையானது. லான்சரும் சீடியாவும் இந்திய ராலிகளில் பல வருஷம் ஓடியவை என்பதால் அவற்றின் வேலை தெரிந்த கைகள் கோவையில் உண்டு. அடுத்து, கம்பெனியே முழு வண்டியாக இறக்கி விற்ற லான்சர் எவோ எக்ஸ், நிஸான் 370இசட், 2016 டிசம்பரில் வந்த ஜிடி-ஆர். இவை தவிர ஸ்கைலைன், ஆர்எக்ஸ்-7, பழைய சுப்ரா என்று அவ்வப்போது விலைக்கு வருபவை உண்டு. அங்கேதான் கண்ணை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர, அது தயாரான நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு உள்ளாக இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டீயரிங்காக இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி. அதனால் 1990-களின் ஸ்கைலைனை யாராவது காட்டினால் என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்குக் கணக்குக் காட்டிய சுங்கப் பத்திரத்தை) கேளுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண், வண்டியின் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில்) அடித்திருக்கும் எண், ஆர்.சி.யில் உள்ள எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் அது வாங்கும் பொருள் அல்ல.

வாங்கும்போது

மலை வண்டியின் ஓடோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. யாரும் திருப்பி வைக்காவிட்டாலும் அது என்ஜினின் உழைப்பைக் குறைத்துத்தான் சொல்லும். சமவெளி நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் சிறிய பெட்ரோல் என்ஜின், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும். பர்லியாரிலிருந்து குன்னூருக்கு இரண்டாவது கியரில் 30-ல் ஏறும்போது அதே ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுற்றும். ஆகவே 60,000 கிலோமீட்டர் ஓடிய ஊட்டி வண்டியின் கிளட்ச், இரண்டாவது கியர் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்), என்ஜின் மவுண்ட் எல்லாம் லட்சம் தாண்டிய சமவெளி வண்டிக்குச் சமமாகத் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த கியர்பாக்ஸில் இரண்டாவதற்கு இறக்கும்போது கரகரத்தால் சிங்க்ரோ போய்விட்டது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது.

கம்ப்ரஷன் டெஸ்டில்தான் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பதில்தான்) இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேஜ் காட்டும் அளவு சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. சென்னையில் 185 பி.எஸ்.ஐ. காட்டும் ஆரோக்கியமான என்ஜின் ஊட்டியில் 140 சொச்சம்தான் காட்டும். இது தெரியாமல் நல்ல என்ஜினை ரிங் போனது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் எடுத்த குறைந்த அளவை ஊட்டியில் எடுத்ததாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு. இந்த உயரத்தில் மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு ஸ்ட்ரோக் சுற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எடுத்த அளவு செல்லாது. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கிறது.

சிட்டி விடெக்கில் டைமிங் பெல்ட் உண்டு, வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்ற கணக்கு இருந்தாலும், வீட்டில் நிற்கும் வண்டிக்கு வயதுதான் கணக்கு. ஐந்தாறு வருஷத்துக்கு மேல் பழையது, அல்லது ரசீது இல்லை என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் மற்றும் கேம் ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள். எவோ எக்ஸில் செயின். அதன் இழுவையைக் கவனிக்க வேண்டும். அதைவிடச் செலவு வைப்பது பின்சக்கரத்துக்கு அருகே அடியில் உட்கார்ந்திருக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கான ஹைட்ராலிக் பம்ப். நம் ஊர் ஈரமும் சேறும் நேராக அதன் மேல் அடிக்கும், துருப்பிடித்து நின்றுவிடும். 370இசட்டில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. அது கசிந்தால் பெடல் தரையோடு போகும், மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதே என்ஜினின் முன்பக்க ஆயில் கேலரி கேஸ்கெட் விட்டுப்போவதும் உண்டு. என்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஆயில் அழுத்தம் படிப்படியாகக் குறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

பாடியில் துரு தேட வேண்டிய இடங்கள் ஸ்பேர் வீல் பள்ளம், ஜாக் வைக்கும் விளிம்பு, பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, சஸ்பென்ஷன் டவர். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். மாதக்கணக்கில் மூடுபனியில் நின்ற வண்டியின் பூஞ்சை வாடையை எந்த ஸ்பிரேயும் மறைக்காது. புல் வளர்ந்த ஷெட்டில் நின்றதென்றால் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும்.

முதலில் சூடு, அடுத்து பிரேக்

ரேடியேட்டர் மூடி முந்நூறு நானூறு ரூபாய்ச் சாமான், ஆனால் இந்த உயரத்தில் அதுதான் என்ஜினுக்குக் காவல். ஊட்டியில் மூடாத பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். பல ஜப்பான் வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்குவதே அந்தச் சூட்டை ஒட்டித்தான். 1.1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 118-ஐத் தொடும், பிரச்சினை இல்லை. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போனால், விசிறி ஓடத் தொடங்கும் முன்பே ஹெட்டுக்குள் நீராவி உண்டாகும். அந்த நீராவி சென்சாரில் படாததால் மீட்டர் முள் சாதாரணமாகவே நிற்கும், ஹெட் வளைந்துகொண்டிருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் கொதிநிலை சில டிகிரி ஏறும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பிளாக் வெடிக்காமலும் காக்கும். வண்டி வாங்கியதும் மூடி, தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், கூலண்ட் இவற்றை ஒரே நாளில் மாற்றிவிடுவதே நல்லது.

இறக்கத்தின் கணக்கு இது. ஆட்களோடு 1,400 கிலோ உள்ள வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது எங்காவது செலவாக வேண்டிய ஆற்றல் சுமார் 2.6 கோடி ஜூல். 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். என்ஜின் பிரேக்கிங்கில் பெரும்பகுதியைக் கழிக்காமல் நியூட்ரலில் விட்டோ, நான்காவது கியரில் பெடலை மிதித்துக்கொண்டோ இறங்குபவர் அத்தனையையும் நான்கு சிறிய டிஸ்க்கிலும் டிரம்மிலும் கொட்டுகிறார். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டும் காலில் வேறுவேறாகத் தெரியும். பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. ஓரம் கட்டி ஆறவிட்டால் ஓரளவு திரும்பும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி வந்துவிட்டது. இது பெரிய ஆபத்து. டாட் 4 தர பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 155 தாங்கினால் போதும் என்பதே தரவிதி. குன்னூர், கோத்தகிரி மூடுபனியில் அந்த ஈரம் வேகமாக ஏறும். புத்தகம் இரண்டு வருஷம் என்று சொன்னாலும் இங்கே வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் மழை தொடங்கும் முன் மாற்றிவிடுவதே சரி. ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும். ஈரத்திலும் 180 டிகிரி தாங்கும் டாட் 5.1 போடலாம். பெயரில் ஒன்றுபோல் தெரியும் டாட் 5 சிலிகான் வகை, அதைக் கலக்கவே கூடாது.

பந்தயத்துக்கான பேட் வேண்டாம். காலை ஐந்தாறு டிகிரிக் குளிரில் வீட்டு வாசலில் முதல் மிதிப்புக்கு அது பிடிக்காது, சூடேறிய பிறகுதான் பிடிக்கும். சாலைக்கென்று செய்த நல்ல பேட், கம்பெனி அளவிலேயே புது டிஸ்க், புது ரப்பர் ஹோஸ் போதும். இன்னொன்றும் உண்டு. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்து. அது 77 சதவீதமாகக் குறைந்த இடத்தில் பூஸ்டரின் உதவியும் அவ்வளவு குறையும், பெடல் கனமாகத் தெரியும். இதற்கு மேல் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு ஐடிலில் வேக்கூமையும் குறைத்துக்கொண்டால், கொண்டை ஊசி வளைவில் வாகன வரிசையில் ஊர்ந்து போகும்போது இரண்டாம் மூன்றாம் மிதிப்புக்குக் காலில் வலு போதாது.

டயரில் கஞ்சத்தனம் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய ரப்பர் குளிர்ந்த ஈர ரோட்டில் பிடிக்காது. சிட்டிக்கு 15 அங்குல வீலில் 195/50 வரை போகலாம். அதற்கு மேல் அகலம் ஸ்டீயரிங்கைக் கனமாக்குவதோடு சரி. ஸ்பிரிங் 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கினால் எஸ்டேட் ரோட்டிலும், செங்குத்தான வீட்டுச் சரிவு தார் ரோட்டோடு சேரும் இடத்திலும் சம்ப் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடிபடும். ஸ்பிரிங்கை மட்டும் இறக்கிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டால் வண்டி பம்ப் ஸ்டாப்பிலேயே (சஸ்பென்ஷன் எல்லையில் உள்ள ரப்பர் கட்டையிலேயே) உட்கார்ந்து ஓடும், வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் முன்பக்கம் குதித்து வெளியே போகும்.

சக்தி கூட்டுவது

மெலிந்த காற்றில் இழந்த ஆறில் ஒரு பங்கை ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மீட்டுத் தராது. இரண்டும் சேர்ந்து கொடுப்பது சில குதிரைத்திறன், பெரிதாகக் கொடுப்பது சத்தம். டர்போ இல்லாத வண்டியில் மலைக்கு உகந்த செலவு என்றால் ஃபைனல் டிரைவை (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள கடைசிப் பல்விகிதத்தை) சற்றுக் குட்டையாக்குவதும், ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசிகளில் ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் எடை இழந்து சும்மா சுற்றும் இடத்தில் சக்தி கூடி என்ன பயன்?

டர்போ வண்டியில் கவனம் வேறு. கேஜில் 1.2 பார் என்றால் கடல்மட்டத்தில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்துகிறது. ஊட்டியில் கேஜில் அதே 1.2 காட்ட 2.5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அப்படியும் என்ஜினுக்குள் போகும் காற்று கீழே போனதைவிடக் குறைவு. பழைய இழுவையை முழுக்கத் திரும்பக் கொண்டுவர பூஸ்ட்டைக் கூட்டினால் ஏறக்குறைய 2.9 மடங்கு. டர்போவின் சுழற்சி அதன் எல்லையைத் தாண்டும், காற்று சூடேறும், பேரிங் போகும். அதே செட்டிங்கோடு மே மாத வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்கினால் அடர்ந்த சூடான காற்றில் என்ஜின் தட்டத் தொடங்கும். ஆகவே ரீமேப்பை (என்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வின் கணக்குகளை மாற்றி எழுதுவதை) கோவை வெயிலில் செய்து, மேலே வந்து ஓட்டத்தின் பதிவை (லாக்) எடுத்துச் சரிபார்க்க வேண்டும். மேலே செய்து கீழே கொண்டுபோகக் கூடாது. இழுவையின்போது வைட்பேண்ட் சென்சார் காட்டும் காற்று-பெட்ரோல் விகிதம் டர்போ இல்லாத என்ஜினுக்கு 12.8-ஐ ஒட்டியும், டர்போவுக்கு 11.5-ஐ ஒட்டியும் இருப்பது பாதுகாப்பு. த்ராட்டில் பொசிஷனை (ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை) மட்டும் நம்பி ஓடும் தனி ஈ.சி.யு. போட்டால் காற்றழுத்தத் திருத்தம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டியில் இருபது சதவீதம் அதிகப் பெட்ரோல் குடித்துப் பிளக்கைக் கரியாக்கும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட எட்டு சதவீதம் அளவுக்கு அதிகம் பீய்ச்ச வேண்டும். ஆக்சிஜன் சென்சார் நன்றாக இருந்தால் சாதாரண ஓட்டத்தில் ஈ.சி.யு. சமாளிக்கும். முழு ஆக்சிலரேட்டரில் சென்சாரின் பேச்சை அது கேட்காது. 2000-ஐ ஒட்டி வந்த வண்டிகளின் ரப்பர் ஃப்யூயல் ஹோஸ் எத்தனாலில் ஊறிப் பிளக்கும், அதற்குத் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிரம்பியிருக்கட்டும்.

சட்டம் விளையாட்டல்ல. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் வரலாம். சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து ஹாஃப் கட் (வெட்டிய பாதி வண்டியோடு வரும் பழைய) என்ஜின் வாங்கி இறக்குபவர்கள் விலையைப் பேசும் அளவுக்கு எண்ணைப் பேசுவதில்லை. ஆர்.சி.யில் இல்லாத என்ஜின் எண்ணோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், எஃப்.சி. நேரத்தில் வண்டி நின்றுபோகும். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000, இறக்குமதி காருக்கு 40,000. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் இது இரட்டிப்பானது. முதல் தலைமுறை சிட்டி எல்லாம் இப்போது அந்தக் கணக்கில்தான் வருகின்றன. வாங்கும் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

விற்கும்போது

கழற்றிய கம்பெனிச் சாமான் ஒன்றைக்கூட விற்றுவிடாதீர்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு பழைய எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்பிரிங், ஈ.சி.யு., ஹெட்லைட், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் துடைத்து, ஆயில் பூசி, பேர் எழுதிய பையில் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். மாற்றத்துக்குச் செலவழித்த பணம் வண்டி விலையில் திரும்பாது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விற்று, சாமான்களைத் தனியாக விற்பதில்தான் கூடுதல் கிடைக்கும். பிரேக், கூலிங் வேலைக்கான ரசீதுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் விலை குறைத்துக் கேட்கமாட்டார்.

இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் கோவை, பெங்களூரு, கொச்சியிலிருந்துதான் ஆள் வரும். வெளியூர் வண்டியில் மேலே வருபவருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. கொடைக்கானலுக்கும் இதே ஏற்பாடுதான். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் வண்டியைக் கீழே கொண்டுபோய்க் காட்டுவது இருவருக்கும் லாபம். சமவெளிக்காரர் ஊட்டியில் ஓட்டிப் பார்த்தால் வண்டியில் இழுவையே இல்லை என்று நினைப்பார். கோவையில் ஓட்டினால் உண்மை தெரியும், அவர் நம்பும் பட்டறையிலேயே கம்ப்ரஷனும் எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் கூச்சப்படாமல் இதைக் கேட்க வேண்டும், விற்பவர் மறுக்கக் கூடாது.

காகித வேலையில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம் அடிப்படை. கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35. வண்டி வேறு மாநிலம் போகிறது என்றால் படிவம் 28. விற்றவர் மாநிலத்துக்குள் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் மிக ஆபத்தானது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்தடுத்து நான்கு கை மாறிய வேக வண்டியில் இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பணம் வங்கி வழியே வரட்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிவைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். சாவி கொடுக்கும் அன்று தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீதை வைத்துக்கொண்டு, ஃபாஸ்டாகை மூடுங்கள். பரிவாகன் தளத்தில் புதுப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த ரசீதும், படிவம் 29-ஐக் கொடுத்ததற்கான ஒப்புகையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.